இருபத்தொன்றில் நிறுத்திவைத்த மகன்

வின்னிபெக்கில் அடுத்தவர் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நம் ஊர் இலோயிலோவிலிருந்து உங்கள் சொந்த மகன் ரெனான் வணக்கத்துடன் எழுதுவது. நானும் நெனித்தா சித்தியும் பன்றியும் நலம். அங்கே பனியும் உங்கள் முதுகுவலியும் குறைய மாதா அருளட்டும். போனில் சொன்னால் அழுதுவிட்டு வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

கனடாவின் நிரந்தர வசிப்புரிமைக்கு நீங்கள் போட்ட மனுவில் என்னையும் சேர்த்தபோது எனக்கு இருபத்தொன்று. ஐந்து வருடம் ஆகிவிட்டது. மனு முடியும்வரை என் வயது அங்கேயே நிற்குமாம். நல்ல சர்க்கார். என் தாடிக்கு மட்டும் அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை. நான் கல்யாணம் செய்துகொண்டாலோ, ஒருத்தியோடு குடித்தனம் நடத்தினாலோ, உங்கள் பிள்ளை என்ற கணக்கிலிருந்து என்னை நீக்கிவிடுவார்கள் என்று நீங்கள் சொன்னதும் சொன்னீர்கள், சித்தி காவல் நாயாகவே மாறிவிட்டாள். நான் பழகும் ஜெனெலின் வந்துபோனால் போதும், குளியலறையில் புகுந்து பல் பிரஷ்களை எண்ணுகிறாள்.

"இன்னொண்ணு யாருதுடா?"

"பைக் செயின் தேய்க்கிறது, சித்தி."

"அப்ப அதுல கிரீஸையே காணோமே?"

மாட்டிக்கொண்டேன்.

பிறகு, நான் மணமாகாதவன் என்று சான்றிதழ் கொடுக்க ஊர்த் தலைவர் நேரிலேயே வந்தார். தட்டில் நூடுல்ஸ் எடுத்துவந்தவள் ஜெனெலின். யார் இந்தப் பெண் என்று கேட்டார். "துணி துவைக்க வர்ற பொண்ணு, தலைவரே" என்றாள் சித்தி. ஜெனெலின் சும்மா இருப்பாளா?

"ஆமா தலைவரே, மூணு வருஷமா துவைக்கிறேன். கூலிதான் வரல. வீட்டுல பெரியவங்க யாரும் இல்ல, இந்தச் சின்னப் பையன்கிட்ட எப்படிக் கேக்குறது?"

தலைவருக்குச் சிரிப்பில் புரையேறி, நூடுல்ஸ் மூக்கு வழியாக வந்தது. முத்திரையைக் கோணலாகக் குத்திவிட்டுப் போனார். அவர் போனதும் அவள் வாசலில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வளர வேண்டிய வயசுல அம்மா பக்கத்துல இல்ல. வளர்ந்தப்புறம் வளராதேங்கிறாங்க. என் வயித்துல அஞ்சு மாசமா ஒண்ணு வளருதே, அதையும் நிறுத்தி வைக்கச் சொல்லுடா, பாப்போம்!"

பிள்ளை பிறந்ததும் ஹாங்காங்கில் இன்னொருத்தர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகலாம் என்று ஏஜென்ட் அவளுக்கும் ஆசை காட்டிக்கொண்டிருக்கிறான். நம் தெருவில் பாதி வீடுகளில் அம்மா என்றால் வருடத்துக்கு ஒரு அட்டைப்பெட்டிதான். பணக்கார நாடுகளுக்குத் தாலாட்டு ஏற்றுமதி செய்கிறோம், பதிலுக்குச் சோப்பும் சாக்லேட்டும் வருகின்றன. உங்கள் பெட்டியில் காலணியும் வரும். ஒவ்வொரு வருடமும் ஒரு அளவு சிறியது. உங்கள் நினைவில் என் கால் எப்போதும் ஒரு வருடம் பின்னால் இருந்தது. நான் குதிகாலை மடித்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அதற்காக உங்கள் சொல்லைத் தட்டுவேனா? கனடா முத்திரை விழும்வரை கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டேன். நிம்மதியாகத் தூங்குங்கள்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் உங்களைப் படுத்தாமல் இருக்கட்டும், உங்கள் முதுகு நிமிரட்டும் என்று வேண்டும்,

வயது ஏறாத மகன்,
ரெனான்

பி.கு.: கடிதத்தைப் படித்துவிட்டுச் சித்தி தலையில் குட்டினாள். "போன சனிக்கிழமை நடந்ததை எழுதாம என்னடா புளுகுற?" ஆமாம் அம்மா, கோவிலில் கல்யாணம் முடிந்துவிட்டது. சாட்சிக் கையெழுத்துச் சித்தியுடையது; பாதிரியார் பேசியது யார் காதிலும் விழாத அளவுக்கு அழுததும் அவள்தான். மனுவிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிடுங்கள். இங்கே பிறக்கப்போகும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. சம்பளம் கிடையாது; நிரந்தர வசிப்பு வந்த அன்றே. வயது வரம்பு இல்லை, யாரையும் பிரிந்து வரவேண்டியதில்லை. வரும்போது ஒரு ஜோடி காலணி வாங்கி வாருங்கள். என் அளவு நாற்பத்திரண்டு.