உங்க அத்தை கேட்கும் நியமன ஆணை

கோவில்பட்டி,
மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை ஜெயகிருஷ்ணன் அவர்களுக்கு, மாமனார் பூவனலிங்கம் எழுதுவது. செண்பகவல்லி அம்மன் புண்ணியத்தில் இங்கு யாவரும் சௌக்கியம். சென்னையில் தாங்களும் மகள் கிருஷ்ணவேணியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். உங்க அத்தையும் சௌக்கியம்தான். ரொம்பவே சௌக்கியம். காலை நீட்டி உட்கார்ந்து மத்தியான சீரியல் பார்க்கிறாள். இந்தக் கடிதத்துக்குக் காரணமே அதுதான். போனில் சொல்லலாமென்றால் அவள் பக்கத்திலேயே இருக்கிறாள்.

தாங்கள் பெரிய கம்பெனியில் தொழிலாளர் சட்டதிட்டங்களைக் கவனிக்கும் அதிகாரி. போன தடவை இங்கு வந்தபோது, பழைய சட்டங்களையெல்லாம் கூட்டி நாலு தொகுப்பாக்கிவிட்டார்கள், இனிமேல் நம்ம கடலைமிட்டாய் கம்பெனி மாதிரி சின்ன இடத்திலும் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் எழுத்தில் நியமன ஆணை தரவேண்டும் என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து எடுத்துச் சொன்னீர்கள். மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்று சொல்லி அதை மாமனார் கேட்கவில்லை என்று பேர் வரக்கூடாதே என்று மறுநாளே இறங்கிவிட்டேன். தப்பு உங்க மேல் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் ரெண்டாவது வடை வைத்தபோதே நீங்கள் பேச்சை நிறுத்தியிருக்கலாம்.

முதலில் மருத்துவப் பரிசோதனை. நாற்பது வயசுக்கு மேலே உள்ளவங்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா செய்யணும்னு சொன்னீங்கள்லா, அதனால நாப்பது தாண்டினவிய எல்லாம் அந்தப் பக்கமா வந்து நில்லுங்கன்னேன். ஒருத்தி அசையல. காலேஜில் படிக்கிற பேரன் இருக்கிற பெத்தம்மாள்கூட தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கா. சரி, சட்டம் நம்ம கையை மீறிப் போச்சுன்னு நினைச்சு, சுகர் பிரஷர் எல்லாம் ஓசியில பாப்பாங்கன்னு சொன்னதுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் போயிட்டு, போன வருசம் பிளஸ் டூ முடிச்ச இசக்கிசெல்வி உட்பட. ஏட்டி, நீ எங்க போறன்னா, எனக்கும் தலை சுத்துது முதலாளிங்கா.

அடுத்தது ஆணை. நம்ம கணக்கப்பிள்ளை சுடலைமணி நெட்டில் இருந்து ஒரு மாதிரி எடுத்து எல்லாருக்கும் பேரை மட்டும் மாத்தி அடிச்சிட்டான். அது ஏதோ பெரிய கம்பெனிக்காரன் எழுதினது போல. உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ எந்தக் கிளைக்கு மாற்றினாலும் போகச் சம்மதம்னு அதுல இருக்கு. பெத்தம்மாள் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, கடம்பூர் தாண்டி எங்கேயும் வரமாட்டேன்னு ஒரே அழுகை. அதை அடிச்சுத் திருத்தி, வளர்பிறையில் நல்ல நேரம் பார்த்து, சாமி படத்துக்கு முன்னால தட்டுல வெத்தலை பாக்கு பழத்தோட வச்சுக் கொடுத்தேன். ஒவ்வொருத்தியும் கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கினா. மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனா பெத்தம்மாள் படம் போட்டு ஒரு பிளெக்ஸ். பணி நியமன ஆணை பெற்ற எங்கள் குலவிளக்கே வருக வருகன்னு. நான் கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து அவ எங்கிட்டதான் வேலை பாக்கா, மாப்பிள்ளை.

இதெல்லாம் போகட்டும். தட்டு காலியானதும், வரிசைக்குக் கடைசியில் உங்க அத்தை வந்து கையை நீட்டினா. தட்டைத்தான் கேக்கான்னு கொடுத்தேன். அதை வாங்கிக் கீழே வச்சுட்டு, "என்னுது எங்க?"ன்னா. நான் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாவ. அவ மட்டும் சிரிக்கல.

மறுநாள் காலையில் அவ கம்பெனிக்கு வரல. வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தா தலைக்குக் குளிச்சு, முடியை உலர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கா. ஆணை இல்லாத இடத்துல வேலை பாக்கிறது சட்டப்படி தப்பாம், மாப்பிள்ளையே சொல்லியிருக்காராம். அன்னைக்குத்தான் எனக்கு விளங்குது, அவ என்னென்ன பாக்கான்னு. பாகை இறக்கச் சொல்ல ஆள் இல்ல. காத்தாடிக்குக் கீழே யார் உட்காரணும்னு சண்டை, தீர்க்க ஆள் இல்ல. கடலைக்காரன் போன்ல, அண்ணாச்சி நீங்க வையுங்க, அக்காகிட்ட பேசிக்கிடுதேங்கான். நானே பாகைப் பார்த்து இறக்கினேன். முதல் சட்டி மிட்டாய் பல்லுல ஒட்டிக்கிட்டு வாயைத் திறக்க முடியல, அடுத்த சட்டி சுத்தியலுக்குத்தான் உடைஞ்சது. நீங்க பேசி வாங்கித் தந்த மயிலாப்பூர் கடைச் சரக்கு பொங்கலுக்கு முன்னால போயாகணும். போகலைன்னா அந்தக் கடை நமக்கு இல்ல, உங்க பேரும் கெட்டுப்போகும். உண்மையைச் சொன்னா, கடையைவிட, அவ இல்லாம கம்பெனிக்குள்ள நுழையவே எனக்குப் பிடிக்கல.

சமாதானம் பேசாமலும் இல்ல. உனக்கு எதுக்குட்டி ஆணை, நீ முதலாளி பெண்டாட்டி இல்லியான்னு கேட்டேன். அது பதவியான்னு கேக்கா. சேலை எடுத்துத் தாரேன்னேன், சேலையில கையெழுத்து இருக்குமாங்கா. வாரத்துல ஒருநாள் லீவு வேணுமாம், லீவன்னைக்கு வீட்டுல யார் சமைக்கிறதுன்னு அந்த ஆணையிலேயே எழுதித் தரணுமாம். நாளைக்கு நானும் அவளும் சண்டை போட்டா நோட்டீஸ் கொடுத்துப் பேசணுமா? ஆகவே தாங்கள் தயவுசெய்து, முதலாளியின் மனைவி தொழிலாளி ஆகமாட்டாள் என்று உங்க கம்பெனித் தாளில் எழுதி, சீல் குத்தி, தபாலில் அனுப்பவும். கொஞ்சம் இங்கிலீஷ் தூக்கலாக இருக்கட்டும். முப்பது வருசம் இந்தக் கம்பெனிக்கு முதலாளியாக இருந்தவன், ஒரு தாளுக்காக இறங்கிப் போகமாட்டேன். இது உறுதி.

கிருஷ்ணவேணியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். தங்கள் தாய் தகப்பனார் இருவருக்கும் என் வணக்கங்களைத் தெரிவிக்கவும். நீங்களும் கிருஷ்ணவேணியும் சகல செல்வங்களும் பெற்று, சண்டை சச்சரவில்லாமல் நீடு வாழ அம்மனை வேண்டும்,

அன்பு மாமனார்,
சு. பூவனலிங்கம்,
முதலாளி

பி.கு.: மாப்பிள்ளை, மேலே உள்ள எதையும் செய்ய வேண்டாம். திங்கட்கிழமை ஸ்டாம்பு வாங்கப் போன நேரத்தில் உங்க அத்தை இதை முழுக்க வாசித்துவிட்டாள். கோபப்படவில்லை. கடைசி வரியில் விரலை வைத்து, "கம்பெனி யார் பேர்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். பொம்பளை பேரில் இருந்தால் பேங்கில் வட்டி குறைவு, மானியமும் உண்டு என்று தொடக்கத்திலேயே லைசென்ஸ் முதல் கரண்டு பில் வரை நான்தான் அவ பேரில் போட்டேன். எல்லாரும் செய்யுததுதானே. சுடலைமணியிடம் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, சட்டப்படி அவியதான் முதலாளி அண்ணாச்சி, ஆணை இல்லாம வேலை பாக்கிறது நீங்க ஒருத்தர்தான் என்கிறான். இன்று காலையிலேயே எனக்கும் ஒரு ஆணை கேட்டு அவளிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். யோசிச்சுச் சொல்லுதேன்னுட்டு பாகு கிண்ட உள்ளே போயிட்டா. நான் வெளியே நிக்கேன்.