டிக், நேரம், கையெழுத்து

வாக்குச்சீட்டில் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது என்ற விஷயம் இன்சார்ஜ் நர்ஸுக்கு வீட்டுக்காரர் மூலமாகத்தான் தெரிந்தது. அதற்குள் அவருடைய ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு பேர் ஓட்டுப் போட்டு முடித்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கையேடு என்று எது கிடைத்தாலும் அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். மத்தியானம் போன் செய்தார்.

"உங்க கவுன்சில் தேர்தல் கையேட்டுல பதினாலாம் விதி பாத்தியா? சீட்டுல டிக் மட்டும்தான் இருக்கணும். போட்டது யாருன்னு காட்டற மாதிரி ஒரு கிறுக்கல் இருந்தாலும் தள்ளிடுவாங்க."

"அதுல போய் யாரு கிறுக்கப்போறா? வைங்க, வேலை இருக்கு."

போனை வைத்துவிட்டு, எதிரே மருந்து ட்ரே அடுக்கிக்கொண்டிருந்த சின்ன நர்ஸிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"ஓட்டு போட்டுட்டியா?"

"காலைலயே போட்டாச்சுக்கா. டிக் அடிச்சு, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டுட்டேன்."

"கையெழுத்து எதுக்குடி?"

"நீங்கதானேக்கா சொல்வீங்க? கையெழுத்து இல்லேன்னா அந்த வேலையே நடக்கலேன்னு அர்த்தம்னு."

உண்மை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்தால் டிக், நேரம், கையெழுத்து. காய்ச்சல் பார்த்தால் டிக், நேரம், கையெழுத்து. மறந்தவர்களை நோயாளி முன்னாலேயே கிழித்துத் தொங்கவிட்டவர். ஓட்டுச் சீட்டிலும் யாருமே மறக்கவில்லை. மூன்று வார்டிலும் விசாரித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று.

நர்ஸுகளின் பதிவைக் கவனிக்கும் கவுன்சிலில் ஓர் இடத்துக்குத் தபால் ஓட்டுத் தேர்தல். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கத் தலைமை அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். ஆளுக்கு ஒரு தேதி கொடுப்பார்கள். அதைத் தவறவிட்டால் பதிவு போச்சு, வேலையும் போச்சு. அப்படிப் போனவள்தான் நரம்பு. எந்தக் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பாள் என்பதால் அந்தப் பெயர். கவுன்சில் கொடுத்த தேதியில் அவளே பிரசவ வலியில் படுத்திருந்தாள். அதை எழுதிப் போட்டதற்கு, "அன்றைக்கே நேரில் வந்து தெரிவித்திருக்க வேண்டும்" என்று பதில் வந்தது. ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறாள். வார்டில் நோயாளிகள் ஆளுக்கு நாலு குத்து வாங்குகிறார்கள். தவறிய பதிவையும் தபாலில் புதுப்பிக்கலாம் என்று ஒரே ஒரு விதியை மாற்ற வேண்டும். அதற்காகத்தான் இன்சார்ஜ் நின்றார்.

எதிர்த்து நிற்பவர் நர்ஸிங் கல்லூரி முதல்வர். இருக்கிற உறுப்பினர் பெயர் சீட்டில் தானாகவே இருக்கும்; போட்டிக்கு ஆள் வராவிட்டால் இஷ்டம் இல்லையென்றாலும் அவரே தொடர வேண்டும் என்பது விதி. அப்படி மூன்று தடவை தொடர்ந்தவர். கல்லூரி ஓட்டு மட்டுமே அறுபது தேறும் என்று பேச்சு.

நல்லவேளை, முப்பத்தோரு உறைகளும் ஆஸ்பத்திரித் தபால் பிரிவில் மூட்டையாகவே கிடந்தன. அவரவர் போய்த் திரும்ப வாங்கினார்கள். நரம்பு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவற்றைத் தேர்தல் அதிகாரியிடம் கொண்டுபோனாள். கெட்டுப்போன சீட்டைக் கொடுத்தால் புதுச் சீட்டு தர விதியில் இடம் இருந்தது.

"முப்பத்தொண்ணும் கெட்டுப்போச்சா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"எல்லாரும் படிச்சவங்கதானே?"

"அதான் சார் பிரச்சினை."

புதுச் சீட்டுகள் வந்தன. இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது என்று இன்சார்ஜ் சிவப்பு மையில் பெரிதாக எழுதி டியூட்டி ரூம் கதவில் ஒட்டினார்: 'ஓட்டு விஷயத்தில் யாரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.'

யாரும் எதிலும் போடவில்லை. உறைகளை ஒட்டி அடுக்கியும் வைத்துவிட்டார்கள். மனைவியைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர் கதவைப் படித்தார்.

"எதிலும்னா? சீட்டோட வர்ற உறுதிமொழித் தாள்லயுமா?"

"எதிலும்னா எதிலும்தான்."

"அதுல கட்டாயம் போடணுமே. பதினொண்ணாம் விதி. அந்தத் தாள்ல கையெழுத்து இல்லேன்னா சீட்டு இருக்கிற உள் உறையப் பிரிக்கவே மாட்டாங்க."

இன்சார்ஜ் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"பதினாலைப் பத்திச் சொல்லும்போதே போனை வச்சுட்டே. பதினொண்ணுக்கு எப்ப வர்றது?"

கடைசித் தேதிக்கு ஒரு நாள்தான் பாக்கி. வேறு வழி தெரியவில்லை. ஒவ்வொருத்தியும் தன் வெளி உறையைப் பிளேடால் கீறி, தாளை எடுத்து, கையெழுத்துப் போட்டு, உள்ளே வைத்தாள். மூடப் பசை இல்லை. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி இருந்தது. எல்லோருக்கும் கை பழகிய வேலை. ஓரம் மடித்து, சுருக்கம் இல்லாமல், பார்க்க அம்சமாக ஒட்டினார்கள்.

மறுநாள் அதிகாரி அவற்றை மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு போன் செய்தார்.

"மேடம், உங்க ஆஸ்பத்திரி ஓட்டெல்லாம் ஆபரேஷன் முடிஞ்சு வந்த மாதிரி இருக்கு."

"உள்ள எல்லாம் சரியா இருக்கு சார்."

"இருக்கும். ஆனா உறையப் பிரிச்சு ஒட்டின அடையாளம் இருந்தா தள்ளுபடி. பதினாறாம் விதி."

"புதுசா வேற சீட்டு…"

"ஒரு தடவைதான் மேடம். அதுவும் பதினாறுதான், ரெண்டாம் பத்தி."

ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு இன்சார்ஜ் லீவு போட்டிருந்தார். போக மனமில்லை. வேட்பாளர் வராவிட்டால் அதற்கும் ஏதாவது விதி இருக்கும் என்று வீட்டுக்காரர் கிளப்பிக் கூட்டிப்போனார். அலுவலக வாசலில் நரம்பு குழந்தையோடு நின்றாள்.

"நீ எதுக்குடி வந்தே? உனக்கு ஓட்டே இல்ல."

"ஓட்டு இல்லேன்னா வேடிக்கை பாக்கக் கூடாதாக்கா? தோத்தா என்ன, அடுத்த தடவை நில்லுங்க. நான் எங்க போகப்போறேன், வீட்லதானே இருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இன்சார்ஜ் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தார்.

உள்ளே முதல்வர் முன்வரிசையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். வெளுத்த பருத்திப் புடவை, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லா ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மொத்தம் வந்தவை நானூற்றுப் பன்னிரண்டு. பிளாஸ்திரி போட்டவை முப்பத்தொன்று ஒரு மூலையில் கிடந்தன. அதிகாரி மீதியிலிருந்து முதல் சீட்டைப் பிரித்தார்.

"டிக். ஒன்பது நாற்பது. கையெழுத்து. செல்லாது."

இரண்டாவதைப் பிரித்தார்.

"டிக். பதினொன்று ஐந்து. கையெழுத்து. செல்லாது."

பத்துச் சீட்டு தாண்டியதும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபது தாண்டியதும் தண்ணீர் குடித்தார். ஐம்பதுக்கு மேல் 'செல்லாது' என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார். ஒருத்தி வார்டு நம்பரும் போட்டிருந்தாள். இன்னொருத்தி டிக்குக்குப் பக்கத்தில் 'கொடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தாள். கல்லூரி ஓட்டும் அதே கதைதான். அந்த ஆசிரியைகளும் தினமும் மாணவிகளோடு வார்டுக்குப் போகிறவர்கள்.

இருநூற்றுச் சொச்சத்தில் ஒரு சீட்டைப் பார்த்து இன்சார்ஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிக். பத்து நாற்பது. அடியில் அவருடைய சொந்தக் கையெழுத்து. வீட்டுப் பக்கத்துத் தபால் பெட்டியில் அவரே போட்டது. விதி தெரிவதற்கு முந்தைய நாள்.

"நீயுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"கொஞ்சம் வாயை மூடிட்டு வர்றீங்களா?"

கடைசிச் சீட்டும் முடிந்தது. அதிகாரி தனியாக எடுத்து வைத்திருந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வந்தவை நானூற்றுப் பன்னிரண்டு. செல்லாதவை நானூற்றுப் பதினொன்று. செல்லுபடியான வாக்கு ஒன்று." திருப்பி வேறு பார்த்துக்கொண்டார். "டிக் மட்டும்தான் இருக்கு. இன்சார்ஜ் மேடத்துக்கு விழுந்திருக்கு."



"ஒரே ஓட்டு வச்சு ஜெயிக்க முடியுமா?" என்றார் இன்சார்ஜ்.

அதிகாரி பதில் சொல்வதற்குள் வீட்டுக்காரர் கையேட்டைப் புரட்டிவிட்டார். "செல்லுபடியானதுல யாருக்கு அதிகமோ அவங்கதான். எத்தனைன்னு போடல."

அதிகாரி தலையாட்டினார். "வாழ்த்துக்கள் மேடம். அடுத்த மாசம் முதல் கூட்டம். விதி திருத்தம் ஏதாவது கொண்டுவர்றதா இருந்தா இப்பவே எழுதிக் கொடுங்க."

நரம்புக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குழந்தை பயந்து வீறிட்டது. இன்சார்ஜ் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். 'தவறிய பதிவையும் தபால் மூலம் புதுப்பிக்கலாம்.' கீழே நேரம் போட்டார், கையெழுத்துப் போட்டார். இந்தத் தாளில் அது தேவையாகவும் இருந்தது.

முன்வரிசையில் முதல்வர் மெல்ல எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். நரம்பு குரலைத் தாழ்த்தினாள். குழந்தையின் அழுகைக்கு மேல் கேட்க வேண்டியிருந்ததால் அது தாழவில்லை.

"பாவம்க்கா அந்தம்மா. பன்னெண்டு வருஷம் இருந்தவங்க. அவங்க ஓட்டுகூட அவங்களுக்குச் செல்லாம போச்சே."

முதல்வர் நின்று திரும்பினார்.

"செல்லாததெல்லாம் இல்லம்மா, அந்த ஒத்தை ஓட்டே என்னோடதுதான், நான் வார்டை விட்டுப் பதினெட்டு வருஷமாச்சு, டிக் அடிச்சதும் கையெழுத்துப் போடற பழக்கம் எனக்கு எப்பவோ விட்டுப்போச்சு."