இட்லித் தட்டில் மிஞ்சிய ஸ்பிரிங்

தலைகூட இன்னும் நிற்காத பாப்பாவை, மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மேல் தலையணை போட்டுக் கிடத்தி ஞானஸ்நானத்துக்குக் கூட்டிப்போவதாக என் வீட்டுக்காரர் ஆன்றோ அறிவித்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எங்கப்பா என்னைய இதே வண்டியில அப்படித்தான் கோயிலுக்குக் கொண்டுபோனாரு."

"அப்ப அது புது வண்டி. இப்ப நம்ம ரெண்டு பேரையும்விட அதுக்கு வயசு கூட. போற வழியில மூச்சு நின்னா?"

"இஞ்சினைப் பிரிச்சு மாட்டினா மாப்பிள்ளை மாதிரி ஆயிரும்."

"யாரு பிரிக்கப் போறா?"

"நாந்தேன்."

"நீங்க பள்ளிக்கூடத்துல வரலாறு நடத்துறீக. மெக்கானிக் வயிரவன்கிட்ட விடலாம்ல?"

"எங்கப்பா வண்டியில அடுத்தவன் கை படக்கூடாது, ராணி."

செல்போனில் வீடியோ பார்த்தார். பிரித்தார். கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றையும் என் இட்லித் தட்டில் குழிக்கொன்றாக வைத்தார். திரும்ப மாட்டும்போது எல்லாக் குழியும் காலியானால் இஞ்சின் முழுமை. இது அவர் கண்டுபிடிப்பு. அன்றுமுதல் எங்கள் வீட்டில் தோசைதான்.

சொதப்புவார் என்று நம்பியிருந்தேன். மனுஷன் சரியாகவே மாட்டிக்கொண்டு வந்தார். கடைசித் தட்டில் இரண்டு மூன்று குழிதான் பாக்கி. அவர் ஆயில் வாங்கப் போன நேரம், பாப்பாவின் கவுனைப் பாதியில் விட்டுவிட்டு, என் தையல் மிஷினில் நூலை இறுக்கிப் பிடிக்கும் குட்டி ஸ்பிரிங்கைக் கழற்றினேன். கிரீஸில் புரட்டினேன். காலிக் குழி ஒன்றில் வைத்தேன்.

வந்தார். மாட்டி முடித்தார். தட்டைப் பார்த்தார்.

"ராணி, இதைத் தொட்டியா?"

"நான் எதுக்குங்க தொடப்போறேன்? அதுல இட்லியா இருக்கு?"

கான்வென்டில் படித்தவள். பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன்.

"ஒரு ஸ்பிரிங் மிஞ்சுதே."

"அது இல்லாட்டி ஓடாதாக்கும்?"

"ஓடும். ஓடும்போது எங்குட்டுக் கழண்டு விழும்னு சொல்ல முடியாது."

"சரி, தலையணையை எடுத்து வைக்கட்டா?"

அவர் ஸ்பிரிங்கைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாப்பா ஆட்டோவில் போனாள், நான் கையாலேயே தைத்து முடித்த கவுனைப் போட்டுக்கொண்டு.

அதற்குப் பிறகும் இஞ்சினைப் பலமுறை பிரித்துவிட்டார். ஸ்பிரிங்குக்கு இடம் கிடைக்கவில்லை. "வயிரவன்கிட்டக் காட்டுங்களேன்" என்றேன், பயந்துகொண்டேதான்.

"வாத்தியார் பொருளை மிச்சம் வச்சுட்டாருன்னு ஊரே சிரிக்கவா?"

நேற்று என் மிஷின் பக்கம் வந்தார். நூல் தொளதொளவென்று ஓடுவதைக் கண்டு குனிந்து ஆராய்ந்தார்.

"இதுல ஒரு ஸ்பிரிங்கைக் காணோம். இரு, பஜார்ல வாங்கியாறேன்." வாசல்வரை போனவர் திரும்பிச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "சின்னப் பொருளைப் பத்திரமா வச்சுக்கிறணும் ராணி. என்னையப் பாரு, நான் தொலைச்சேனா?"