இருபத்தைந்து அடி தள்ளி ஒரு மேசை

டன்மோர் கவுண்டி, ஜார்ஜியா
நவம்பர் 10, 2022

அன்பு மச்சான் கிளியோட்டிஸுக்கு,

லெமுவேல் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ஒஸெல்லாவும் நலம், அவளுடைய முழங்கால்கள் நீங்கலாக. டெட்ராய்ட் குளிரில் நீயும் பிள்ளைகளும் கதகதப்பாக இருக்கக் கர்த்தர் அருள்புரியட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது, எழுபத்தெட்டு வயதில் அக்காவை வரிசையில் நிறுத்தி வதைக்காதீர்கள் என்று எழுதியிருந்தாய். முப்பத்தாறு வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். தப்பான விடையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆகவே செவ்வாய்க்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். விடையை நீயே திருத்திக்கொள்.

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், கறுப்பர்களான நம் ஆட்கள் இருக்கிற பகுதியில், மூன்று வாக்குச்சாவடிகள் இருந்தனவே, அவற்றை இந்த வருஷம் தீயணைப்பு நிலையத்தில் ஒன்றாக்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் இருந்தது இருந்தபடியே இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தது, ஏழேகாலுக்கு ஒரு ஓட்டு இயந்திரம் படுத்துவிட்டது, எட்டு மணிக்கு வரிசை முடிதிருத்தகம் வரை வந்துவிட்டது. வரிசை என்றால் உன் அக்காவுக்குச் சமையல் என்று அர்த்தம். உங்கள் அப்பா 1958இல் வாக்காளராகப் பெயரைப் பதியப் பதினோரு தடவை நீதிமன்றத்துக்குப் போனதும், ஒவ்வொரு தடவையும் எழுத்தர் "மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்" என்று பதில் வந்ததும், அதில் ஒரு தடவை மணி காலை ஒன்பது என்பதும் உனக்குத் தெரியும். அன்றைக்கெல்லாம் அப்பா பசியோடு நின்றார், எழுத்தர் சாப்பிட்டார். அதனால் ஓட்டுப்போட நிற்கிற யாரும் பசியோடு நிற்கக் கூடாது என்பது அவள் விரதம். பொரித்த கோழி, சோள ரொட்டி, பீச் பழத்தின் மேல் மாவு மூடிச் சுட்ட காப்ளர் இனிப்பு மூன்று தட்டு, எல்லாவற்றையும் சர்ச்சிலிருந்து வாங்கிவந்த மேசையில் வரிசைப் பக்கமாகப் பரப்பிவிட்டாள்.

ஆனால் இப்போது சட்டம் இருக்கிறதே. வரிசையில் நிற்பவருக்கு யாரும் சோறு, தண்ணீர் கொடுக்கக் கூடாது; கட்டடத்திலிருந்து நூற்றைம்பது அடி, நிற்கிற ஆளிடமிருந்து இருபத்தைந்து அடி தள்ளித்தான் இருக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளக் குடியரசுக் கட்சியின் பார்வையாளனாக வந்தவன் வெண்டல் ஹோலிஃபீல்டு. என் பழைய மாணவன், வெள்ளைக்காரப் பையன், பையன் என்றால் இப்போது ஐம்பத்திரண்டு வயது. அவன் அளவு நாடாவை வளைய விட்டு அளந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. "இழுத்துப் பிடிடா, தொய்வு விட்டா விடை தப்பும்" என்று மறுமுனையை நானே பிடித்தேன். சரியாக அளந்ததில் மேசை நான்கடி உள்ளே இருந்தது. என் மனைவியின் மேசையை நானே தள்ளவைத்தேன் என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தள்ளி வைத்தோம். வரிசை நீண்டது, மறுபடி மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மறுபடி தள்ளினோம். வரிசை பின்னாலேயே வந்தது. காப்ளர் வாசனையைத் தேடித்தான் வந்ததோ என்னவோ. பெட்ரோல் பங்க்கைத் தாண்டினோம், டயர் கடையைத் தாண்டினோம், மத்தியானம் ஈமச்சடங்கு நிலையத்துப் புல்தரையில் போய் நின்றோம். அதன் முதலாளி, தன்னிடம் வருகிறவர்கள் யாரும் இதுவரை சாப்பிடக் கேட்டதில்லை என்று சந்தோஷமாக இடம் கொடுத்தார். பசித்தவர்கள் வரிசையை விட்டு வந்து சாப்பிட்டுப் போவார்கள். பக்கத்து ஆள் இடத்தைப் பிடித்துவைப்பார். கவுண்டி கமிஷனர் பதவிக்கு நிற்கும் நம் டெரன்ஸ், அவனும் என் மாணவன்தான், ஜனநாயகக் கட்சி, அவன் பதாகைதான் என் வாசலில் இருக்கிறது, வந்தவுடன் எல்லோரும் வழிவிட்டார்கள், பத்தே நிமிஷத்தில் போட்டுவிட்டுப் போனான். எதிர்த்து நிற்கிற தீவனக் கடை டாப்னி அம்மாள் மூன்று மணி நேரம் நின்றாள். எனக்குச் சிரிப்பாக வந்தது.

எழுபத்தைந்து தாண்டியவர்கள் நாலரை மணி வரை முன்னால் போகலாம் என்றும் சட்டம் உண்டு. நான் பத்து மணிக்கே போட்டுவிட்டேன். உன் அக்காவைக் கூப்பிட்டால், "வரிசையில நிக்காமப் போட்ட ஓட்டுக்கு ருசி இருக்காது, நீ போய் ரொட்டிய எடு" என்றாள். நாலரை போய்விட்டது. ஆறேமுக்காலும் ஆகிவிட்டது. ஏழு அடித்தால் வரிசையை மூடிவிடுவார்கள், அவளோ கோழியைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்போது வெண்டல் வந்தான். "ஒஸெல்லாம்மா, மணியாச்சு. போய் நில்லுங்க."

"நீ காலையில இருந்து என்னப்பா சாப்பிட்ட?"

"சட்டம்..."

"நீ வரிசையிலயா நிக்கிற? சட்டம் உன்னைப் பத்திப் பேசலையே. உக்காரு."

உட்கார்ந்தான். கடைசித் தட்டில் பாதி காப்ளர் அவனுக்குத்தான் போனது. அவள் ஏழுக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். நின்றதும் பார்த்தால், மேசை அவளிடமிருந்து இருபது அடியில் இருக்கிறது. வெண்டல் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு முனையை அவன் பிடிக்க மறுமுனையை நான் பிடிக்க, அவளிடமிருந்து அவள் மேசையையே ஐந்தடி தள்ளிவைத்தோம்.

மச்சான், அந்தப் பெரிய ஊர்வலத்தில் பட்டினியாக நின்றது, காலையிலிருந்து பரிமாறிக்கொண்டே இருந்த அவள் ஒருத்திதான். ஏழு மணிக்கு மேல் வெளியே வந்தால் இடம் போய்விடும். ஓட்டுப்போட்டு முடித்தவர்கள் நாற்பது பேர் வீட்டுக்குப் போகாமல் இருபத்தைந்து அடி தள்ளி அவளோடு நகர்ந்தார்கள். கோழி ஆறிக்கொண்டிருந்தது. "அப்பா பதினோரு தரம் பசிச்சு நின்னாரு, எனக்கு ஒருதரம் ஆகாதா" என்று அங்கிருந்தே சொன்னாள். எட்டேகாலுக்குப் போட்டுவிட்டு வந்தாள். ஐம்பத்திரண்டு வருஷம் அவளோடு குடித்தனம் செய்தவன், அன்றைக்குத்தான் அவளுக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினேன்.

ஆகவே, ஒரு ஓட்டால் என்ன ஆகும் என்று இனி எழுதாதே. கர்த்தர் உன் வாசலையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும். உன் அக்கா முத்தம் அனுப்புகிறாள்.

என்றும் உன் மாமா,
லெமுவேல் ஸ்டாண்டிஃபர்

பி.கு.: உறையை ஒட்டும்முன் உன் அக்காவிடம் படித்துக்காட்டினேன். டெரன்ஸ் என்ற இடத்தில் உதட்டைச் சுழித்தாள். விசாரித்தால், கமிஷனருக்கு டாப்னி அம்மாளுக்குப் போட்டாளாம். "வரிசையில நின்னவளுக்குப் போட்டேன், குறுக்க பூந்தவனுக்கு எதுக்கு?" என்கிறாள். டெரன்ஸுக்கு என்னால் கூட்டல் ஒன்று, அவளால் கழித்தல் ஒன்று, விடை பூஜ்ஜியம். கமிஷனர் கணக்கில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை நீ எழுதியதுதான் சரி. ஒரே வழி, அடுத்த தேர்தலுக்குள் நீ இங்கே குடிவந்துவிடு. இந்த வீட்டில் சரிசமமாக இருக்கிறோம். உன் ஒரு ஓட்டில்தான் எல்லாம் இருக்கிறது.