கிட்டத்துக்கா, தூரத்துக்கா?

"பாடி மட்டும்தான் வந்திருக்கு. இன்னும் பிரிக்கலை," என்று லிஃப்ட் மெக்கானிக் போனில் சொன்னான்.

இரண்டே நிமிடத்தில் எதிர்வீட்டு அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றாள்.

"யாரு தம்பி? எப்ப ஆச்சு?"

"கேமராங்க. இருபது வருஷ சர்வீசுக்குக் கம்பெனியில பரிசு. லென்ஸ் இல்லாம பாடியை மட்டும் அனுப்பியிருக்காங்க."

அம்மாள் பெட்டியை எட்டிப் பார்த்தாள். கொண்டுவந்த துக்கத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சிறிது நின்றாள். "நல்ல கம்பெனி," என்றுவிட்டுப் போனாள்.

மனைவி நிபந்தனையைச் சொன்னாள். "லென்ஸ் ஒண்ணுதான். அதுவும் இந்த மாசத்துக்குள்ள. சீலிங் ஃபேன் எதுன்னு முடிவு பண்றதுக்குள்ள ஒரு கோடையே முடிஞ்சுபோச்சு, ஞாபகம் இருக்குல்ல?"

மாமனார் பக்கத்து அறையில்தான் இருந்தார். ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கா மைதானத்தில் இன்னும் விசில் ஊதுகிறார். போன வாரம் கோல் கம்பத்துக்கு மஞ்சள் அட்டை காட்டினார். ஏன் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. மருமகனைப் பற்றிய அவர் தீர்ப்பு என்றோ வெளியாகிவிட்டது: காலுக்குப் பந்து வந்த பிறகு நின்று யோசிக்கிற ஆள். மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவனிடம் எதற்கும் யோசனை கேட்டதில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, மணி என்ன என்று மகளைத்தான் கேட்பார்.

இந்த ஒரு லென்ஸையாவது சரியாகத் தேர்ந்தெடுத்து, அவர் வாயால் 'சரி' என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட வேண்டும். மெக்கானிக்குக்குக் கேமராவைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

கடைக்காரர் கேட்டார். "எதை எடுக்கப் போறீங்க?"

"லென்ஸ்."

"அது சரி. அதை வெச்சு எதை எடுக்கப் போறீங்க?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று திருகினால் நீண்டு சுருங்கியது, கிட்டம் தூரம் இரண்டுக்கும். ஒன்று முழங்கை நீளம், தூரத்துக்கு. மூன்றாவது பன் மாதிரி குட்டையாக இருந்தது. ஐம்பது மில்லிமீட்டர். நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

"இதுல பெரிசாத் தெரியணும்னா?"

"கிட்டப் போங்க."

"நிறைய ஆளுங்க விழணும்னா?"

"பின்னால வாங்க."

"எல்லாம் நானே செஞ்சா லென்ஸ் என்னங்க செய்யும்?"

"வெளிச்சத்தை நல்லா வாங்கும் சார்."

கூட வேலை பார்ப்பவனைக் கேட்டான். "நீளத்தை வாங்கு. பறவை எடுக்கலாம்," என்றான் அவன்.

"நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேன். அங்க ஏதுடா பறவை?"

"புறா வரும்ல."

கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியது. சாயங்காலம் முழுக்கப் படித்தான். மனைவி ஏதோ சொன்னாள். அப்பா, புதன்கிழமை, பதினோரு மணி. "ம்" என்றான். மறுநாளும் சொன்னாள். மறுநாளும் "ம்" என்றான்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது.

"மாப்பிள்ளை."

பழக்கதோஷத்தில் எழுந்து நின்றான்.

"உட்காருங்க. லென்ஸ் விஷயமா நிறையப் படிக்கிறீங்களாமே. மக சொன்னா." மாமனார் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். "தூரம், கிட்டம் ரெண்டுக்கும் சேர்த்தே ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு மாமா. ஆனா ரெண்டுலயும் கொஞ்சம் அரைகுறை. வெளிச்சம் கம்மியானா இன்னும் மோசம்."

"விளக்கைச் சுத்தி வளையம் தெரியுமாமே?"

அது அவன் கேள்விப்படாத குறை. அதைப் படிக்க இரண்டு நாள் ஆயிற்று. வளையம் தெரியும் என்றுதான் போட்டிருந்தது. மாமனாருக்கு இவ்வளவு ஞானமா என்று வியந்தான். முதல் லென்ஸ் பட்டியலிலிருந்து போயிற்று.

"வெளிநாட்டுது நல்லதுங்கிறாங்களே?" என்றார் அடுத்த நாள்.

"எல்லாம் ஒண்ணுதான் மாமா. பேர்தான் வேற."

"போட்டா போட்டதுதான், இல்லையா?"

"ஆமா. இன்னொண்ணுக்கு உங்க பொண்ணு விடமாட்டா."

"இதுல அவ யாரு நடுவுல?" என்றார் நடுவர்.

மெக்கானிக் நெகிழ்ந்துபோனான். இருந்தாலும் சந்தேகம் விடவில்லை. "பழசு ஒண்ணு வருது மாமா. ஒருத்தர் ரெண்டு வருஷம் போட்டிருந்துட்டுக் கழட்டி விக்கிறார்."

மாமனார் முகம் மாறியது. "கழட்டியா?"

"அவர் அடுத்ததுக்குப் போயிட்டார். ஒரு கீறல்கூட இல்லையாம்."

"பாவம். என்ன கஷ்டமோ," என்றார் மாமனார். "நமக்கு வேணாம் மாப்பிள்ளை. புதுசே இருக்கட்டும்."

மிச்சம் இரண்டு. மெக்கானிக் தனக்குத் தெரிந்த வழிக்குப் போனான். கத்தரிக்கோலும் அளவு டேப்பும். அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒரு சன்னல் வெட்டினான். அதைக் கண்ணிலிருந்து ஐந்து சென்டிமீட்டரில் பிடித்தால் குட்டை லென்ஸ் பார்ப்பது தெரியும். இருபதில் பிடித்தால் நீள லென்ஸ்.

"கண்ணுக்கு இவ்வளவு கிட்டவா?" என்றார் மாமனார்.

"இதான் கணக்கு மாமா."

மாமனார் ஒரு கண்ணை மூடி அட்டை வழியாகப் பார்த்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்தார். மெக்கானிக் பார்த்தான். அவருடைய மீசை மட்டும் தெரிந்தது. பின்னால் நகர்ந்தான். முழங்கால் தெரிந்தது. இன்னும் நகர்ந்தான். முதுகு ஃபிரிட்ஜில் இடித்தபோது மாமனார் முழுசாக உள்ளே வந்தார். டேப்பை நீட்டினான். ஒன்பது அடி.

"அப்ப கிட்டத்துக்குப் போட்டா, தூரத்துல இருக்கிறதுக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. நாலு எட்டு நடந்து கிட்டப் போயிடணும்."

"நடந்து," என்றார் மாமனார். ஏதோ விதியைத் திருத்தி எழுதுவதைக் கேட்பவர்போல இருந்தது குரல்.

அவன் போனைத் திறந்து கடந்த ஒரு வருடப் படங்களை எண்ணினான். மோட்டார், கேபிள், ஸ்விட்ச் பலகை, மனைவி, மறுபடியும் மோட்டார். பத்தடிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

"நாம பாக்கிறதெல்லாம் பக்கத்துலதான் மாமா இருக்கு. நீங்களே எண்ணிப் பாருங்க. ஒரு நாள்ல எதெல்லாம் பாக்கிறீங்க?"

மாமனார் விரலை மடக்கினார். "பேப்பர். தட்டு. மாத்திரை அட்டை." நாலாவது விரலில் கொஞ்சம் நின்றார். "மக முகம்."

"அவ்வளவுதான் மாமா. கிட்டத்துக்குத்தான். முடிவு பண்ணியாச்சு."

பதினெட்டே நாளில் முடிவு. அவன் வாழ்க்கையில் இது சாதனை. 'சரி' வருமென்று மாமனார் வாயையே பார்த்தான். அவர் அட்டையை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தம் அறைக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை பகல் மெக்கானிக் கடையில் நின்றான். கடைக்காரர் குட்டை லென்ஸைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. மனைவியின் எண். பேசியது வேறொரு பெண்.

"சார், கண் ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸ் பேசறேன். உங்க மாமனாருக்குப் புரை எடுத்துட்டு உள்ள வைக்கிற லென்ஸைக் கிட்டத்துக்குத்தான் வைக்கணுமாம்; அப்ப கோல் கம்பம் எப்படிங்க தெரியும்னு டாக்டர் கேட்டா, பையில இருந்து ஓட்டை போட்ட அட்டை ஒண்ணை எடுத்துக் காட்டி, 'நாலு எட்டு நடந்துக்கிறேன், மாப்பிள்ளை டேப் வெச்சு அளந்துட்டார், அவர் சொன்னா சரி'ங்கிறார்."