கோழித்தரத்தில் ஒரு கான்சர்ட்

ஒரு நகரம் மாநகரம் என்று மதிக்கப்பட வேண்டுமானால் அங்கே லைவ் கான்சர்ட் நடக்க வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் சேலத்தில் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சேலத்தில் அதுவரை பாட்டே கேட்டதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆடிப் பண்டிகைக்கு மெல்லிசைக் குழு வரும். கேட்ட பாட்டைப் பாடுவார்கள். உட்கார நாற்காலி இருக்கும், கட்டணம் கிடையாது. இந்தக் காரணங்களாலேயே அதை ஒருவரும் கான்சர்ட் என்று ஒப்புக்கொள்வதில்லை. கான்சர்ட் என்றால் மாதக்கணக்கில் முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும், மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், நின்றுகொண்டு பார்க்க வேண்டும், பார்த்ததைப் பாராதவர்களுக்குக் காட்ட வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் நந்தகுமார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். அப்பா திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். ராஜஸ்தான் வரைக்கும் போய் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற தொழில். அந்தத் தொழிலில் எத்தனை ஆழம் போனாலும் யாரும் கைதட்டுவதில்லை என்பதால் நந்தகுமார் நிகழ்ச்சி நடத்தும் தொழிலுக்கு வந்தார்.

வந்து இரண்டு முறை பெரிய பெரிய பேனர் வைத்தார். இரண்டிலும் 'விரைவில்' என்று போட்டிருந்தது. இரண்டு முறையும் அனுமதி கிடைக்கவில்லை. பேனர் வெளுத்து, 'விரைவில்' மட்டும் வெளுக்காமல் நின்றது. ஊர் அவருக்கு 'விரைவில் நந்தகுமார்' என்று பெயர் வைத்தது. அவர் மனைவி ஸ்ரீதேவி ஒரு கல்யாணச் சீர் வீட்டுக்குப் போனபோது, "இவங்கதான் விரைவில் ஊட்டுக்காரம்மா" என்று அறிமுகம் செய்து வைத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து ஸ்ரீதேவி சொன்னார்:

"இந்தத் தடவையும் நடக்கலைன்னா நீங்க மாமாகூட ரிக் வண்டி ஏறீருங்க. ராஜஸ்தான்ல யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது."

மூன்றாவது முறை நந்தகுமார் எல்லாவற்றையும் கவனமாகச் செய்தார். சென்னையிலிருந்து பாடகர் கதிரை ஒப்பந்தம் செய்தார். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிக் காளியண்ணனின் நிலத்தை வாடகைக்குப் பேசினார். காளியண்ணன் கோழிப்பண்ணைக்காரர். முன்பக்கம் இருந்த பழைய ஷெட்டுகளை இடித்துவிட்டு, பின்பக்கம் புதிய ஷெட்டுகளுக்கு மாறியிருந்தார். முன்பக்கம் வெட்டவெளி. பிறகு பேனர் வைத்தார். பிறகுதான் அனுமதி கேட்கப் போனார். இந்த வரிசையை நம் பக்கத்தில் யாரும் தவறென்று சொல்வதில்லை.

பொதுநிகழ்வு ஒப்புதல் பிரிவின் கண்காணிப்பாளர் கந்தவேல், விதிக்குப் புறம்பாகத் தும்மக்கூட மாட்டார். கணினித் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நெலம் என்ன வகைங்க?"

"காலி நெலம்ங்க சார்."

"காலின்னு ஒரு வகை கெடையாதுங்க. இதுல கோழிப்பண்ணைன்னு இருக்குது."

"இப்ப அங்க ஒரு கோழிகூட இல்லீங்களே."

"அது கோழியோட சமாச்சாரம். நெலம் பண்ணை நெலம். அதுல பண்ணை மட்டுந்தான் நடத்தலாம்."

"மாத்திக் குடுக்க முடியுங்களா?"

"தாராளமா. ஒன்றரை வருசம் ஆகும்."

"கான்சர்ட் அடுத்த மாசம்ங்க சார். பேனர் வெச்சாச்சு."

"பார்த்தேன். விரைவில்னு போட்டிருந்தது. ஒன்றரை வருசம் விரைவுதானுங்களே."

நந்தகுமாரின் கண்ணில் ராஜஸ்தான் தெரிந்தது. அதைக் கண்டு கந்தவேலுக்கு இரக்கம் வந்தது. விதிக்கு உட்பட்ட இரக்கம்.

"ஒண்ணு செய்யலாம். பண்ணை அனுமதின்னா ஒற்றைச் சாளர முறை. மூணே நாள். பண்ணைன்னே விண்ணப்பம் போடுங்க."

"வாரது மனுசங்களாச்சேங்க?"

"எத்தனை?"

"எட்டாயிரம் பேருங்க."

"எட்டாயிரம் ரொம்பச் சின்னப் பண்ணைங்க. இந்தப் பக்கம் லட்சத்துக்குக் கீழ இருந்தா நாங்க பண்ணைன்னே மதிக்கறதில்ல. மனுசன்னு நான் எழுதுனா, எந்தப் பிரிவுன்னு மேல கேப்பாங்க. பண்ணைன்னு எழுதுனா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. உங்களுக்குக் கச்சேரி நடக்கணுமா, மனுசன்னு எழுதணுமா?"

கச்சேரி நடக்க வேண்டும் என்றார் நந்தகுமார். மூன்றாம் நாள் அனுமதி வந்தது. 'மேற்படி வளாகத்தில் எட்டாயிரம் உயிர்களை ஒரு மாலைப் பொழுதுக்கு மட்டும் பராமரித்துக்கொள்ள, கால்நடை மருத்துவ அலுவலரின் ஆய்வுக்கு உட்பட்டு, இசைவளிக்கப்படுகிறது.'

ஆய்வுக்கு வந்தவர் டாக்டர் பெரியநாயகி. முத்திரை பதித்த தாளில் உள்ள எதைப் பார்த்தும் சிரிக்காதவர்கள் அரசுப் பணியில் உயர்ந்த இடத்துக்குப் போவார்கள், அவர் போய்க்கொண்டிருந்தார். காளியண்ணனும் நந்தகுமாரும் பின்னால் வர, நிலத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"சராசரி எடை என்ன?" என்று கேட்டார்.

"யாரோடதுங்க டாக்டர்?"

"வளாகத்துல விடப்போற உயிரோடது."

"அறுவது கிலோ இருக்கும்ங்க. எங்க ஊர்ப் பசங்க கொஞ்சம் எச்சா இருப்பாங்க."

"ஒரு கோழி ஒன்றரைக் கிலோ. அப்ப ஒரு உருப்படி நாப்பது கோழிக்குச் சமம். நாப்பது கோழிக்கு உண்டான எடத்தை ஒவ்வொண்ணுக்கும் ஒதுக்கணும்."

"அது எவ்வளவு எடம்ங்க?"

"ஒரு கட்டில் போடற எடம்."

நந்தகுமார் தயங்கினார். "அந்த எடத்துல நான் எட்டுப் பேர நிறுத்தறதா இருந்தேனுங்க. மேடைக்கு நேர் முன்னாடி, ஃபேன் பிட்னு பேரு. டிக்கெட்லயே அதுதான் ஒசத்தி."

பெரியநாயகி முதல் முறையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டா? முந்நூத்தி இருவது கோழிங்க அது! ஒண்ணுமேல ஒண்ணு ஏறி மூச்சடைச்சுச் செத்துப்போயிருமே!"

காளியண்ணன் பதறிவிட்டார். "அதெப்படி சாமி, பாவம் இல்லையா? நான் ஒரு கூண்டுல ஒரு கோழி எச்சாப் போட்டாக்கூட ராத்திரி தூங்க மாட்டனே!"

"இது மனுசங்கதானுங்கண்ணா."

"ஓ, ஆமாமா," என்று காளியண்ணன் அமைதியானார். "அப்பச் சரி."

ஆனால் பெரியநாயகிக்குச் சரியில்லை. அவர் கையில் இருந்தது பண்ணைக் கோப்பு. ஒவ்வொரு நிபந்தனையாக நிறைவேறியது. எட்டாயிரம் ஆயிரமானது. நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பதால் நிலம் முழுக்கக் குழாய் இழுத்தார்கள். வெப்பம் கூடினால் முட்டை குறையும் என்ற பத்தியின்கீழ், தலைக்கு மேலே பனிப்புகை மாதிரி நீரைத் தூவும் கருவிகளும் ராட்சச விசிறிகளும் வந்தன. நுழைவாயிலில் கிருமிநாசினித் தொட்டி. உள்ளே போகிறவர் கால் நனைத்துத்தான் போக வேண்டும். பளிச் பளிச்சென்று வெட்டும் விளக்கு கூடாது. உயிர்கள் மிரண்டு ஒரு மூலையில் குவியும். வெடி கூடாது. ஒலி, பின்பக்க ஷெட்டில் இருப்பவை தீவனத்திலிருந்து தலை தூக்காத அளவுக்கு மட்டும். அடையாளத்துக்கு ஒவ்வொரு உயிருக்கும் வளையம் மாட்ட வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் நந்தகுமார் ஏற்கெனவே நிறைவேற்றியிருந்தார். காலுக்குப் பதில் கை. அதை டாக்டர் பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

குறித்த நாளில் குறித்த நேரத்தில் கான்சர்ட் நடந்தது. 'விரைவில்' என்ற பெயர் அழிந்தது. ஒருவரும் மயங்கவில்லை. ஒருவர் செருப்பும் தொலையவில்லை. கழிப்பறைக்குப் போனவர்கள் திரும்பி வந்து முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார்கள். காற்று வீசியது. அதைவிடப் புதுமை, பாட்டு கேட்டது. கதிரின் புகழ்பெற்ற பாட்டில் மொத்தம் மூன்று வரிதான் என்பதும், அதில் ஒன்று இருமல் என்பதும் அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. இடையில் பதிவுசெய்த குரல் ஓடும்போது அவர் தண்ணீர் குடித்ததையும் எல்லோரும் நன்றாகப் பார்த்தார்கள். மறைக்க யார் தலையும் இல்லை.

நந்தகுமார் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார். விடிந்ததும் கைபேசியைப் பார்த்தார்.

ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் பிரீத்தி, எந்தக் கடையில் எதைத் தின்னலாம், எங்கே நின்றால் படம் நன்றாக விழும் என்று சேலத்துக்குச் சொல்கிறவர். அவர் சொல்லி மூடிய பேக்கரிகள் உண்டு. அவர் ரீல் போட்டிருந்தார்.

"ஹாய் சேலம்! நேத்து நான் போனதுக்குப் பேரு கான்சர்ட்டாம். மேல ஒரு கை படல, காலை யாரும் மிதிக்கல, போட்ட லிப்ஸ்டிக் போட்ட மாதிரியே இருக்குதுங்க. பின்னாடி கூட்டமே இல்லாம நான் என்னத்த வீடியோ எடுக்கறது? தனியா காத்து வாங்கிட்டுப் பாட்டுக் கேக்கணும்னா எங்க ஊட்டு மொட்டை மாடி போதாதா? வைப், அந்த ஜோஷ், எதுவுமே இல்ல. பாட்டு மட்டுந்தான் இருந்துச்சு!"

ஊர் முழுவதும் அதை ஆமோதித்தது. சென்னைக் கான்சர்ட்டில் நுழையவே மூன்று மணி நேரம் ஆனதாம், கோவையில் வேலி சாய்ந்ததாம். சேலத்துக்காரன் மட்டும் என்ன இளைத்தவனா? பணத்தைத் திருப்பிக் கொடு என்று சிலர் அலுவலகத்துக்கே வந்தார்கள். கிடைத்த வசதிகளை அவர்கள் குற்றச்சாட்டாகச் சொன்னார்கள். அனுமதி விவரமும் எப்படியோ வெளியே கசிந்தது. நந்தகுமார் 'கோழி நந்தகுமார்' ஆனார். அடுத்த சீர் வீட்டுக்கு ஸ்ரீதேவி போகவே இல்லை. அவர் வீட்டில் ஒரு சூட்கேஸ் திறந்தபடி இருந்தது. அதில் நந்தகுமாரின் சட்டைகள் அடுக்கியிருந்தன.

இதற்குள் மேலிடத்துக்கும் செய்தி போயிருந்தது. அங்கே கவலை வேறு மாதிரியானது. கந்தவேலுக்கு ஒரு குறிப்பாணை வந்தது.

'மேற்படி நிகழ்வில் பங்கேற்ற பொதுமக்களுக்குக் குடிநீர், காற்று, நிற்பதற்குரிய இடம் ஆகியன முழுமையாக வழங்கப்பட்டதாக இவ்வலுவலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. இது முன்னுதாரணமாகக் கொள்ளப்படும் பட்சத்தில், பேருந்து நிலையங்கள், மருத்துவமனை வெளிநோயாளர் வரிசைகள், நியாயவிலைக் கடைகள் முதலிய இடங்களிலும் பொதுமக்கள் கோழிகளுக்கு இணையான தரத்தைக் கோரும் அபாயம் எழுகிறது. எனவே, இனி மனிதர்களை மனிதர்களாக மட்டுமே கருதி அனுமதி வழங்குமாறு கண்டிப்புடன் அறிவுறுத்தப்படுகிறது.'

அதற்காகவே இணையத்தில் 'மனிதர்' என்று ஒரு புதிய பிரிவும் திறந்தார்கள். நந்தகுமார் போய் நின்றபோது கந்தவேல் அந்தப் பிரிவைச் சொடுக்கிக் காட்டினார். நிபந்தனைகள் என்ற தலைப்புக்குக் கீழே வெறும் வெள்ளைத் திரை.

"லோட் ஆகலைங்களா சார்?"

"ஆயிருச்சுங்க. அவ்வளவுதான். மனுசனுக்கு நிபந்தனை ஒண்ணும் இல்ல."

"நெலம் இன்னும் பண்ணை நெலம்தானுங்களே?"

"அதெப்படி? ஒருதடவை கச்சேரி நடந்த நெலம் கச்சேரி நெலம். முன்னுதாரணம் இருக்குதே. எத்தனை பேருன்னு போடட்டும்?"

"எட்டா... பன்னெண்டாயிரம்ங்க."

"எடம் பத்துமா?" என்று கேட்கும் இடம் அந்தப் படிவத்தில் இல்லை. ஆகவே கந்தவேல் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் அனுமதி தயார். டாக்டர் பெரியநாயகிக்கு ஒரு நகல்கூடப் போகவில்லை. மனிதர்கள் அவர் அதிகார எல்லைக்குள் வரமாட்டார்கள்.

இரண்டாவது கான்சர்ட்டுக்கு டிக்கெட் காலை போட்டது மதியம் முடிந்தது. நெடுஞ்சாலையில் ராசிபுரம் பிரிவு வரைக்கும் வண்டி நின்றது. தண்ணீர்க் குழாய்களைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்திலும் ஆளை விட்டிருந்தார்கள். விசிறி இருந்த மேடையில் ஒலிபெருக்கி. விளக்கு வெட்டிய வெட்டில் எதிரே நிற்பது பாடகரா, கம்பமா என்று தெரியவில்லை. பாட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே எல்லோரும் கூடவே கத்தினார்கள். பிரீத்தியை இரண்டு பேர் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். தொங்கிக்கொண்டே ரீல் எடுத்தார்: "இதுதாங்க கான்சர்ட்! சேலம் வந்திருச்சு!" கந்தவேல் குடும்பத்தோடு வந்திருந்தார். நான்கு பேருக்கும் சேர்த்து மூன்று செருப்போடு திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. ஸ்ரீதேவி சூட்கேஸைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். நந்தகுமாருக்கு 'ஹவுஸ்ஃபுல் நந்தகுமார்' என்று பெயர் வந்தது. வெளியே அடுத்த பேனர் ஏறிக்கொண்டிருந்தது: 'விரைவில்'.

காளியண்ணன் முதல் கான்சர்ட்டில் நில உரிமையாளர் என்ற முறையில் ஒரு கட்டில் இடத்தில் நின்று, பண்ணையில் நிற்கிற மாதிரியே இருக்கிறது என்று அலுத்துக்கொண்டவர். இந்த முறை சொந்தக் காசு போட்டு ஃபேன் பிட் டிக்கெட் எடுத்தார். நாலாவது பாட்டில் அவரைத் தலைக்கு மேலேயே கைமாற்றிக் கைமாற்றி ஆம்புலன்சுக்கு அனுப்பினார்கள். விலா எலும்பு விரிசல். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி முதல் வேலையாகப் பண்ணைக்குப் போன் போட்டார். பின்பக்க ஷெட்டில் இருந்த பண்ணை மேலாளர் கண்ணுசாமி எடுத்தார்.

"கண்ணுசாமி, சத்தத்துல கோழியெல்லாம் மிரண்டிருக்கும். ஃபேன் ஓடுதா? தண்ணி வருதா? ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம பாத்துக்க, பாவம் வாயில்லாத உசுரு."

"எல்லாம் நல்லா இருக்குதுங்க. உங்களுக்கு என்னங்க, மூச்சு வாங்குது?"

"எனக்கென்ன, பிரமாதம்! நெரிசல்னா அது நெரிசல்!" என்றார் காளியண்ணன், விலாவைப் பிடித்துக்கொண்டு. "அப்புறம், அடுத்ததுக்கும் டிக்கெட் போட்டுட்டாங்களாம். ஃபேன் பிட்லயே ஒண்ணு எடுத்து வெச்சிரு. முன்னாடி, கம்பி ஓரமாப் பாத்து எடு. அங்கதான் நசுக்குவாங்க."