பூனை காப்பாற்றிய பச்சைப்புறா

ஒரு காட்டில், செல்போன் டவர் நன்றாகக் கிடைக்கிற மேற்குச் சரிவில், மாடக்கண்ணு என்றொரு காட்டுப்பூனை குடியிருந்தான். சூதுவாது தெரியாதவன். பசித்தால் வேட்டையாடுவான், வயிறு நிறைந்தால் தூங்குவான். பிறந்த நாளிலிருந்து அவனைப் பார்த்தவர்கள் எல்லோரும் "ஐயோ" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். "ஆகா" என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அது அவன் மனசில் ஒரு குறையாகவே கிடந்தது. பூனையாகப் பிறந்துவிட்டு இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது என்று பேசாமல் இருந்தான்.

அந்தச் சரிவின் ஓரத்தில் மனிதர்கள் புதிதாக ஒரு சொகுசு விடுதி கட்டியிருந்தார்கள். சுவர் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கண்ணாடி. அதில் எதிரே இருக்கிற காடு அப்படியே தெரியும். பறவைகள் அதை நிஜக் காடு என்று நம்பி வேகமாக வந்து மோதும்.

ஒரு காலையில் பூங்காவனம் என்ற பச்சைப்புறா மடேரென்று மோதினாள். ஆலம்பழமாகத் தின்று உருண்டு திரண்டிருந்தவள். மோதிய வேகத்தில் புரண்டு வந்து மாடக்கண்ணுவின் காலடியிலேயே விழுந்தாள். அவனோ முந்தின நாளும் பட்டினி. வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவளை முதுகோடு சேர்த்து லபக்கென்று கவ்வினான்.

"ஆகா!" என்று ஒரு குரல் கேட்டது.

மாடக்கண்ணு திடுக்கிட்டு நிமிர்ந்தான். பாறை மேல் சிங்காரவேலு என்ற மயில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் தோகையாட்டத்தையே விதவிதமாகப் படம் எடுத்துப் போட்டு, பார்க்கிறவர்களுக்கும் சலித்து, தனக்கும் சலித்துப்போனவன் அவன். புதிதாக ஏதாவது மாட்டாதா என்று விடிந்ததிலிருந்து அலைந்துகொண்டிருந்தான்.

"உறவுகளே, நேரலையில பாத்துக்கிட்டிருக்கீங்க! அடிபட்டு விழுந்த ஒரு பச்சைப்புறாவை ஒரு பூனை, ஆமாங்க, பூனையேதான், வாயில தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிருச்சு! மாடக்கண்ணு அண்ணே, நம்ம பறவை மறுவாழ்வு மையத்துக்குத்தானே போறீங்க?"

வாய் நிறையப் புறா இருந்ததால் மாடக்கண்ணுவால் பதில் பேச முடியவில்லை. தலையை ஆட்டினான். இல்லை என்றுதான் ஆட்டினான். ஆனால் நம் பக்கத்துத் தலையாட்டலில் எது ஆமாம், எது இல்லை என்று யாருக்குத் தெரியும்?

"ஆமாம்னு சொல்லிட்டாருங்க! ஆகா!"

செல்போனில் இதயம் இதயமாகப் பறந்தது. மாடக்கண்ணுவின் காதுகள் தாமாக நிமிர்ந்துகொண்டன. வாழ்க்கையில் முதல் ஆகா. அதுவும் ஒரே காலையில் ரெண்டு. சரி, அந்த வளைவு வரைக்கும் நடப்போம், மயில் கண்ணிலிருந்து மறைந்ததும் காரியத்தை முடித்துக்கொள்வோம் என்று நினைத்து நடந்தான்.

வளைவு வந்தது. மயிலும் கூடவே வந்தான். வளைவுக்கு அப்புறம் ஓடை வந்தது. மயில் பாவாடையைத் தூக்கிப் பிடிப்பதுபோலத் தோகையைத் தூக்கிக்கொண்டு ஓடையையும் தாண்டி வந்தான்.

நடுவழியில் பூங்காவனம் கண் விழித்தாள். ஒரு நொடியில் தான் எங்கே இருக்கிறோம் என்று புரிந்துகொண்டாள்.

"ஏன்யா, திங்கத்தானே தூக்கினே?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"ம்," என்றான் மாடக்கண்ணு.

"மயிலு படம் புடிக்கிறான்னு இப்ப நல்லவனா நடிக்கிறியா?"

"ம்."

"நடிக்கிறதுதான் நடிக்கிறே, ஒழுங்கா நடி. கீழ்ப்பல்லு குத்துது. தாடையைக் கொஞ்சம் தளர்த்து. ஐயய்ய, எச்சிலைப் பாரு! குழாயைத் தெறந்து விட்ட மாதிரி. முழுங்கித் தொலை. ஆனா எச்சிலை மட்டும் முழுங்கு."

வழி முழுக்க அவள் திட்டிக்கொண்டே வந்தாள். மாடக்கண்ணுவுக்கு அது விநோதமாக இருந்தது. அவன் வாயில் அகப்பட்டவர்கள் யாரும் இதுவரை அவனிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

மறுவாழ்வு மையத்தின் வாசலில் நீளமாக வரிசை நின்றது. வரிசையில் முன்னால் நின்ற கரடி ஒரு கொண்டைக்குருவிக் குஞ்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். குஞ்சின் அம்மா கரடியின் மண்டையில் உட்கார்ந்து கொத்து கொத்தென்று கொத்திக்கொண்டிருந்தாள்.

பதிவு மேசையில் இருந்த கருமந்தி ஜெயசீலி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஐயா, அது அனாதை இல்லீங்க. பறக்கப் பழகுது. அவங்கம்மாதான் உங்க தலையிலயே உக்காந்திருக்காங்களே. எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விட்டுருங்க."

"எப்படிம்மா விடுறது?" என்று கரடி கண் கலங்கினார். "நான் செல்லக்குட்டின்னு பேரு வெச்சிட்டேனே!"

அடுத்து நின்ற காட்டுப்பன்றி நனைந்து நடுங்கும் ஒரு மடையான் கொக்கை மேசை மேல் வைத்தார்.

"மயங்கி விழுந்துச்சும்மா. தாகமா இருக்கும்னு குட்டையில தலையை முக்கி முக்கி எடுத்தேன். அப்புறம் பாலுல ரொட்டியை நனைச்சு ஊட்டுனேன். அப்பவும் தெம்பே வரலை."

"நீங்க முக்குறதுக்கு முன்னாடி அதுக்கு என்னங்க இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. நின்னுக்கிட்டே தூங்கிக்கிட்டு இருந்துச்சு."

ஜெயசீலி ஒரு பெருமூச்சு விட்டு கொக்கை உள்ளே அனுப்பினாள். அடுத்தது மாடக்கண்ணு. புறாவை மெதுவாக மேசை மேல் வைத்தான். வரிசையில் நிற்கும்போதே பூங்காவனம் பேச்சை நிறுத்தியிருந்தாள். இப்போது கண் மூடிக் கிடந்தாள்.

"பால் குடுத்தீங்களா?"

"இல்ல."

"ரொட்டி, சோறு, பிஸ்கோத்து?"

"ஒண்ணும் குடுக்கல."

"தண்ணியில முக்குனீங்களா?"

"இல்லம்மா."

"பேரு வெச்சீங்களா?"

"அவளுக்கே பேரு இருக்கு."

ஜெயசீலி எழுந்து நின்றுவிட்டாள். "இந்த மையம் தொறந்த நாளிலேருந்து இப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்லீங்க!" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்கோ வைத்திருந்த காட்டுமல்லி மாலையை எடுத்து மாடக்கண்ணுவின் கழுத்தில் போட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் "ஆகா" என்றார்கள். சிங்காரவேலு இதை மூன்று கோணத்தில் படம் பிடித்தான்.

டாக்டர் முள்ளம்பன்றி வந்தார். ஊசிக்கு அவர் எங்கும் போக வேண்டியதில்லை. முதுகிலிருந்தே ஒன்றை உருவிக்கொள்வார். பூங்காவனத்தைப் புரட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"றெக்கையில வீக்கம், அது கண்ணாடியில மோதினது. சரியாப் போயிரும். ஆனா முதுகுல நாலு ஓட்டை இருக்கே, இது என்ன?"

மண்டபத்தில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றார் டாக்டர். "பூனைப் பல்லு பட்டிருந்தா அது வேற கணக்கு. பூனை எச்சில் ரத்தத்துல ஏறிடும். இப்பவே அதுக்குரிய மருந்தைக் குத்தணும், இல்லைன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்காது. முள்ளு குத்தின ஓட்டைன்னா அந்த மருந்தே குத்தக் கூடாது, குத்தினா போய்ச் சேர்ந்துரும். சொல்லுங்க, இது பல்லா, முள்ளா?"

எல்லோரும் மாடக்கண்ணுவைப் பார்த்தார்கள். அந்த மண்டபத்திலேயே அவன் ஒருத்தன்தான் பூனை. ஆனால் மாலை போட்ட பூனையை யாருக்கும் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

மாடக்கண்ணு யோசித்தான். முள் என்று சொல்லிவிடலாம். புறா செத்துவிடும், செத்த புறா யாரிடமும் எதையும் சொல்லப் போவதில்லை. மாலையும் கழுத்தில் இருக்கும். உண்மையைச் சொன்னால் புறா பிழைக்கும், மாலை போகும், மறுபடியும் ஆயுசுக்கும் ஐயோதான். மேசையைப் பார்த்தான். அந்தப் பச்சை நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்த வாய் லேசாகத் திறந்து கிடந்தது. அதைப் பார்க்க அவனுக்கு என்னவோபோல இருந்தது. தின்னாமல் ஒரு புறாவை இவ்வளவு நேரம் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

"பல்லுதான், டாக்டர்," என்றான். "பூனைப் பல்லு."

"ஐயோ!" என்றது கூட்டம்.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் மாடக்கண்ணுவின் நாக்கு தானாகவே மேலே பேசியது.

"வேற ஒரு பூனை. வெளியூர்ப் பூனை. மயிலு வர்றதுக்கு முன்னாடி இவளைக் கவ்விக்கிட்டு நின்னான். நான்தான் பாஞ்சு அடிச்சுப் புடுங்கினேன்."

"ஆகா!" என்றது கூட்டம். டாக்டர் முதுகிலிருந்து ஒரு ஊசியை உருவினார்.

அன்றிலிருந்து மாடக்கண்ணு காட்டுக்கே செல்லப்பிள்ளை ஆகிவிட்டான். வெளியூர்ப் பூனையை அவன் அடித்து விரட்டிய கதையைச் சிங்காரவேலு நடித்தே காட்டினான். முயல்கள் அவன் குகை வாசலில் வந்து நின்று குட்டிகளுக்கு ஆசி வாங்கிப் போயின. ஆசி கொடுக்கும்போது மாடக்கண்ணு கண்ணை இறுக மூடிக்கொள்வான்.

ஆனால் ராத்தூக்கம் போய்விட்டது. தினமும் மையத்துக்குப் போன் போட்டான்.

"ஜெயசீலியம்மா, எப்படி இருக்கா?"

"இன்னைக்கு ரெண்டு அத்திப்பழம் சாப்பிட்டாங்கண்ணே."

"பேசுறாளா?"

"இன்னும் இல்லண்ணே."

"நல்லது, நல்லது," என்பான். போனை வைத்ததும், பேசாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேனே, சீ என்று தன் வாலையே கடித்துக்கொள்வான். மறுநாள் மறுபடியும் போடுவான். நிஜமாகவே அவள் எப்படியிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் போடுகிறோமா, மாட்டிக்கொள்வோமா என்று பார்க்கத்தான் போடுகிறோமா என்பது அவனுக்கே பிடிபடவில்லை. ஜெயசீலியோ, இப்படி ஒரு பாசத்தைப் பார்த்ததுண்டா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

ஒரு நாள் ஜெயசீலியே கூப்பிட்டாள்.

"அண்ணே, சந்தோஷச் செய்தி! பேசிட்டாங்க. நாளைக்குப் பறக்க விடுறோம். பெரிய விழா. அந்த வெளியூர்ப் பூனை எப்படி இருந்தான்னு அவங்களே மைக்குல அடையாளம் சொல்லப் போறாங்க. அதுக்கு முன்னாடி உங்களைத் தனியாப் பாக்கணும்னு சொல்றாங்க."

மாடக்கண்ணு போனான். கம்பி வலைக்குப் பின்னால் பூங்காவனம் பழையபடி உருண்டு திரண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாய்யா, வீரா," என்றாள். "வெளியூர்ப் பூனையாமே?"

"பூங்காவனம், காட்டிக் குடுத்துராதே. உனக்கு மருந்து கெடைச்சதே என்னாலதான்."

"ஓட்டை விழுந்ததும் உன்னாலதான்."

மாடக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான். "உனக்கு என்ன வேணும், சொல்லு."

பூங்காவனம் கொஞ்ச நேரம் வலை வழியாக வெளியே பார்த்தாள். குரல் மாறியது.

"போன மழைக்கு எங்க அக்கா அந்தக் கண்ணாடியில மோதி விழுந்தா. உயிரு இருந்துச்சு. தூக்கிட்டு வர ஆள் இல்ல. நான் ஒரு புறா, இன்னொரு புறாவை எப்படித் தூக்குறது? பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். எறும்பு வந்துச்சு." மறுபடியும் திரும்பினாள். "அங்க தினமும் எவளாவது விழுவா. தினமும் விடியக்காலையில நீ போகணும். உயிரோட இருக்கிறவளை வாயில தூக்கிட்டு இங்க வரணும். பல்லு படாம."

"தினமுமா?"

"தினமும்."

"நான் பூனை, பூங்காவனம்."

"அது எனக்குத் தெரியாதா? என் முதுகுல எழுதி வெச்சிருக்கியே."

மறுநாள் விழாவில் காடே திரண்டிருந்தது. கரடி செல்லக்குட்டியைத் திருப்பி விட்டதற்காகத் தனியாக ஒரு கைதட்டு வாங்கினார். டாக்டர் இரண்டு வார்த்தை பேசினார். பூங்காவனத்தின் முன்னால் மைக்கை வைத்தார்கள்.

"அந்தப் பூனை எப்படிம்மா இருந்தான்?" என்று சிங்காரவேலு கேட்டான்.

பூங்காவனம் மேடையில் உட்கார்ந்திருந்த மாடக்கண்ணுவை ஒரு தடவை பார்த்தாள்.

"மூஞ்சியில அறிவுங்கிறதே இல்லீங்க. வயிறு தொங்கும். வாயி நாத்தம்னா நாத்தம், அதுலயே எனக்குப் பாதி உசிரு போச்சு. இவரு பாஞ்சதும் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிட்டான். பூனைக் குலத்துக்கே கேவலம். இல்லையா அண்ணே?"

"ஆமாம்," என்றான் மாடக்கண்ணு மைக்கில். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பூங்காவனம் சிறகடித்து ஆலமரத்து உச்சிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு மாடக்கண்ணு ஒரு நாள்கூடத் தவறவில்லை, தவறவும் முடியவில்லை. விடிந்தால் விடுதிக் கண்ணாடிக்கு மேலே பூங்காவனம் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் மரங்கொத்தி, ஒரு நாள் தவிட்டுக்குருவி, ஒரு நாள் கொழுகொழுவென்று ஒரு காடை. காடையைத் தூக்கி வந்த அன்று மையத்து வரிசை மிக நீளமாக இருந்தது. மாடக்கண்ணு கண்ணில் நீர் வழிய நின்றான். இரக்கத்தில் அழுகிறார் என்று ஜெயசீலி பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினாள்.

"அண்ணே, கழுத்தெல்லாம் ஈரமாகுது," என்று வாய்க்குள்ளிருந்து காடை சொன்னாள்.

"ம்," என்றான் மாடக்கண்ணு.

அந்திக்குமேல் யாருக்கும் தெரியாமல் எலி பிடித்துத் தின்று உயிரை வைத்துக்கொண்டிருந்தான். எலிகள் போய்ப் புகார் சொல்லாமல் இல்லை. எலிக்கு மறுவாழ்வு மையம் எதுவும் இன்னும் திறக்கவில்லை என்று ஜெயசீலி சொல்லி அனுப்பிவிட்டாள். அவற்றை யாரும் படம் பிடிக்கவும் இல்லை.

நீதி: உண்மையைச் சொன்னவனை நாலு நாள் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள், பொய் சொன்னவன்தான் சாகும்வரை நல்லவனாக இருந்து தொலைக்க வேண்டும்.